மரமொடிச்சான் வீடு

ஊராட்சி மன்றம் எங்கள் விடுதியின் பின்னறையில்தான் கூடும். தனிக் கட்டடம் கட்ட ஒருமுறை பணம் வந்தது. அதில் தீயணைப்பு வண்டிக்குக் கொட்டகை போட்டுவிட்டு, நமக்கு எர்னாவின் பின்னறை போதும் என்று சொல்லிவிட்டார்கள். எர்னா நான்தான். பியர் கொண்டுபோய் வைப்பேன், சாம்பல் கிண்ணத்தைக் கொட்டுவேன், கேட்டுக்கொண்டே நிற்பேன். இப்போது முகங்கள் எனக்கு மங்கிவிட்டன. யார் எந்தக் குரலில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ஊர் ஹார்டன்பாக்கில் எல்லாருக்கும் இரண்டு பெயர். சர்ச்சிலும் வரி அலுவலகத்திலும் எழுதுவது ஒன்று, ஊர் கூப்பிடுவது இன்னொன்று. இரண்டாவது ஆளுக்கு வைத்த பெயரல்ல, வீட்டுக்கு வைத்தது. வீட்டை விற்றால் பெயரும் சேர்ந்தே போகும். எங்கள் தலைவர் ரைன்ஹோல்ட் டைஸ் 'கொல்லன்' வீடு. அவர் விற்பது டிராக்டர், அப்படியிருந்தும் அவர் கொல்லன்தான். எங்கள் வீடு 'மான்'. சதுக்கத்துக்கு நேர் எதிரே, லிண்டன் மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் இருக்கிற ஓட்டீலி பிராண்டாவின் வீடு 'மரமொடிச்சான்'.

அந்தப் பெயர் வந்த கதை ஊரில் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பதால்தான் யாரும் சொல்வதில்லை.

சதுக்கத்தில் முன்பு வேறொரு லிண்டன் இருந்தது. முந்நூறு வருஷ மரம். அந்தக் காலத்தில் அதன் அடியில் உட்கார்ந்துதான் வழக்குப் பேசினார்களாம். நான் குழந்தையாக இருந்தபோது ஒரு புயலில் அது பிளந்து விழுந்தது, அடிக்கட்டையைக்கூடத் தோண்டி எடுத்து எரித்துவிட்டார்கள். இடம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு முப்பத்துமூன்று வந்தது. மே முதல் தேதி ஊருக்கு ஊர் ஹிட்லர் பெயரில் ஒரு மரம் நட வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்கு லிண்டன் கன்று வந்தது. முதல் மண்ணை ஊர்த் தலைவர் போட வேண்டும். அப்போது தலைவர் ஓட்டீலியின் அப்பா கொன்ராட் பிராண்டாவ். மேளம் வந்தது, பள்ளிக்கூடம் மொத்தமும் வரிசையில் நின்றது, எங்கள் கையில் ஆளுக்கொரு காகிதக் கொடியும் திராட்சை போட்ட பன்னும் கொடுத்தார்கள். கொன்ராட் மட்டும் வரவில்லை. எதிர் வீடு, பத்தடி தூரம். ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். கடைசியில் கட்சிக்காரரான கொல்லன் டைஸ், இப்போதைய தலைவரின் அப்பா, மண்ணைப் போட்டுப் பேசவும் செய்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால் கன்று முழங்கால் உயரத்தில் ஒடிந்து கிடந்தது.

ஒரு கார் வந்து கொன்ராடை ஏற்றிக்கொண்டு போனது. அந்த வாரமே இரண்டாவது கன்று வந்தது, சுற்றிலும் இரும்பு வேலியோடு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவர் திரும்பி வந்தபோது வாயில் பல் இல்லை. ரொட்டியைக் காப்பியில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். எதையும் பேசவில்லை. அதற்கடுத்த குளிர்காலம் தாண்டவில்லை. வீட்டுக்குப் பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது.

போர் முடிந்ததும் வேலியைப் பிடுங்கினார்கள். மரம் வெறும் 'லிண்டன்' ஆகிவிட்டது. மரத்தின் பெயரை ஒரே நாளில் மறந்துபோன ஊர், வீட்டின் பெயரை மட்டும் மறக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டீலியும் நானும் ஒரே பெஞ்சு. பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினால் அவள் திரும்பி நின்று ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "எங்கப்பா ஒடிக்கல. வெளியவே வரல. அவ்வளவுதான்." அறுபது வயதிலும் அதே பதில், அதே குரல். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த வீட்டையும் விடவில்லை. மாவட்டத்தோடு சண்டை போட்டுப் பள்ளிப் பேருந்தை ஊருக்குள் வரவைத்தவள் அவள். அதனால் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களே ஓட்டுப் போட்டு அவளை மன்றத்துக்கு அனுப்பினார்கள். எட்டு உறுப்பினர்களில் அவள் ஒருத்திதான் பெண்.

எண்பத்துநாலில் ஊருக்கு எழுநூறு வயது ஆகும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். விழா எடுக்க வேண்டும், விழாவுக்குக் கொடி வேண்டும், கொடிக்கு ஊர்ச் சின்னம் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் கேடயச் சின்னம் இருக்கிறது, நமக்கு மட்டும் இல்லை என்று ரைன்ஹோல்ட் ஆரம்பித்தார். பக்கத்து ஊரின் சின்னத்தில் காட்டுப்பன்றி இருக்கிறது என்றதும் எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது.

மாவட்டத் தலைநகரிலிருந்து டாக்டர் ஃபோல்பெர்ட் என்பவரை அழைத்து வந்தார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், சின்னங்கள் வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு. பழைய பத்திரங்களில் 'ஹார்டன்பாக் சதுக்கத்து நீதி லிண்டன்' என்று படித்திருந்தார். விடுதியின் முன்பக்கம் என் சாப்பாட்டுக் கடை ஜன்னலோரம் உட்கார்ந்து பிளம் கேக் சாப்பிட்டபடி வெளியே பார்த்தார். சதுக்கத்தில் ஒரு லிண்டன் நின்றது. அவருக்கு அது போதுமாக இருந்தது. மரத்திடம் வயதைக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போல அன்று காகிதக் கொடி பிடித்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

முதலில் நீலப் பின்னணியில் பச்சை மரம் வரைந்து அனுப்பினார். சின்னங்களுக்கு ஒப்புதல் தர வேண்டிய மாநில ஆவணக் காப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது: நிறத்தின் மேல் நிறம் வரக் கூடாது, இரண்டில் ஒன்று வெள்ளியாகவோ பொன்னாகவோ, அதாவது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ, இருக்க வேண்டும்.

"எங்க ஊர்ல வானம் நீலமாத்தான் இருக்கு," என்றார் ஒருவர்.

"கேடயத்துல வானமே கிடையாதுங்க," என்றார் டாக்டர்.

இரண்டாவது வரைவில் வெள்ளியில் பச்சை லிண்டன், அடியில் ஓடைக்கு ஒரு நீல அலை. வேர்கள் வெளியே தெரிந்தன. இப்படி வேர் தெரிய வரைந்தால் சின்னக் கலையில் அதற்குப் 'பிடுங்கிய மரம்' என்று பெயர் என்றார்.

"யாரு பிடுங்கினாங்க?" என்று கேட்டார் சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஆல்பான்.

எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டீலி சிரிக்கவில்லை.

ஆல்பானுக்கு மரம் பிடிக்கவில்லை. எங்கள் சர்ச் புனித லாரன்ஸ் சர்ச். அவரை இரும்புச் சட்டத்தில் போட்டு வாட்டிக் கொன்றார்கள். அந்த இரும்புச் சட்டம்தான் ஊரின் மிகப் பழைய அடையாளம், அதையே சின்னமாக வைக்க வேண்டும் என்று அவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள்.

"கிரில்லையா?" என்றார் ரைன்ஹோல்ட். "பாக்கறவன் இங்க சாசேஜ் நல்லா கிடைக்கும்னு வண்டிய நிறுத்துவான்."

"நிறுத்தட்டுமே. எர்னாவுக்கு வியாபாரம்," என்றார் ஆல்பான்.

அடுத்த கூட்டத்தில் ஓட்டு என்று முடிவானது. அதோடு ரைன்ஹோல்ட் இன்னொன்றையும் சொன்னார். விழாவுக்கு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓக் பலகை ஒன்று மாட்டப்படும். மேலே ஊர்ச் சின்னம், கீழே வீட்டுப் பெயர். வீட்டுப் பெயர்கள் நம் பாரம்பரியம், வெளியூர்க்காரர்கள் ரசித்துப் பார்ப்பார்கள் என்றார்.

கூட்டம் முடிந்ததும் ஓட்டீலி நேராக என் சமையலறைக்கு வந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மேல மரம். கீழ மரமொடிச்சான். என் கதவுல," என்றாள். "உயிரோட இருக்கறப்பவே எனக்குக் கல்லறைக் கல்லு வைக்கிறாங்க, எர்னா."

"பேரை வேணாம்னு சொல்லிப் பாரேன்."

"பேரு எப்பவும் இருந்ததுதான். அந்த மரம் என் கதவுல ஏறக் கூடாது. அது மட்டும் நடக்கக் கூடாது."

ஆல்பான் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தலைவரோடு சேர்த்து மன்றத்தில் ஒன்பது ஓட்டு. ஒருவர் சிறுநீரகக் கல்லோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மீதி எட்டில் மரத்துக்கு நாலு, ஆல்பான் பக்கம் மூன்று. ஓட்டீலி சேர்ந்தால் நாலுக்கு நாலு. சமமாக வந்தால் தீர்மானம் விழுந்துவிடும் என்பது விதி. அடுத்த நாள் அவர் கடைக்கு வந்து, என் முன்னாலேயே அவளிடம் சொன்னார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். வாய மூடிக்கிட்டு கைய மட்டும் தூக்கு. அவன் மரம் அங்கயே சாஞ்சிரும்."

"பேசமாட்டேன்," என்றாள் ஓட்டீலி.

"உங்கப்பாவப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராது."

அவர் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊராட்சிச் சட்டத்தில் ஒரு விதி உண்டு: பேசுகிற விஷயம் ஓர் உறுப்பினருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்த விஷயமாக இருந்தால் அவர் மேசையை விட்டு எழுந்து, பார்வையாளர் பக்கம் போய் உட்கார வேண்டும். பேசக் கூடாது, ஓட்டும் கிடையாது. எங்கள் பின்னறையில் பார்வையாளர் பக்கம் என்பது அடுப்புக்கு அருகே போட்ட மூன்று நாற்காலிகள். வழக்கமாக அங்கே வனக்காவலரின் நாய் மட்டும் படுத்திருக்கும். யாராவது ஒருவருடைய கொட்டகைக்கு முன்னால் தார் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் பியரை எடுத்துக்கொண்டு நாய் பக்கத்தில் போய் உட்காருவார், முடிந்ததும் திரும்பி வருவார். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான ஊர் இது. அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மேசை மட்டும்தான் மிஞ்சும். அதனால் தேவைப்படும்போது மட்டும் அதைக் கையில் எடுப்பார்கள்.

ஓட்டு நடந்த அன்று மழை. டாக்டர் ஃபோல்பெர்ட் சின்னத்தை வண்ணத்தில் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதைச் சுவரில் என் மான்கொம்புக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு விளக்கக் குறிப்பை வாசிக்க ஆரம்பித்தார். வெள்ளி எதற்கு, பச்சை எதற்கு, அலை எதற்கு. ஓட்டீலி மடியில் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆல்பான் அவளைப் பார்க்காமல் பியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் தட்டோடு நின்றேன்.

பிறகு டாக்டர் மரத்தைப் பற்றிய பகுதிக்கு வந்தார். இன்றும் சதுக்கத்தில் நிற்கும் இந்த மரத்தின் அடியில்தான் நேர்மைக்குப் பெயர்போன ஹார்டன்பாக் முன்னோர்கள், யாருக்கும் அஞ்சாமல், நீதி சொன்னார்கள் என்று வாசித்தார்.

யாருக்கும் அஞ்சாமல் என்ற இடத்தில் ஓட்டீலியின் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

"இந்த மரம் இல்லீங்க, டாக்டர்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது விழுந்துபோச்சு. இது முப்பத்துமூணுல நட்டது. யார் பேர்ல நட்டதுன்னு இந்த மேசையில பாதிப் பேருக்குத் தெரியும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

ரைன்ஹோல்ட் அமைதியாகத்தான் பேசினார். மரம் என்ன செய்யும், மரம் எந்தக் கட்சியிலும் சேரவில்லையே என்றார். ஐம்பது வருஷமாக அதன் நிழலில் எத்தனை கல்யாண ஊர்வலம் போயிருக்கிறது என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். அத்தோடு ஓட்டீலி நிறுத்தியிருக்கலாம். ஆல்பான் மேசைக்கடியில் அவள் காலை உதைத்ததைக்கூட நான் பார்த்தேன்.

"கல்யாண ஊர்வலம் போச்சு," என்றாள். "எங்கப்பா போனதும் அது வழியாத்தான்."

சொன்ன கணமே அவளுக்கும் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தேன். தபால்பெட்டிக்குள் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாதவளின் முகம்.

ரைன்ஹோல்டும் ஓட்டீலியும் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர்கள். அவர் அவளை எப்போதும் ஓட்டீலி என்றுதான் கூப்பிடுவார், நீ என்றுதான் பேசுவார். அன்று ஃப்ராவ் என்று மரியாதைப் பேச்சுக்கு மாற்றினார்.

"ஃப்ராவ் பிராண்டாவ், நீங்க இப்ப உங்க அப்பாவப் பத்திப் பேசறீங்க. அப்ப இது உங்க குடும்ப விஷயமாகுது. விதிப்படி நீங்க மேசைய விட்டு எழுந்திரிக்கணும்."

"உங்கப்பாவும்தான் அங்க இருந்தாரு, ரைன்ஹோல்ட். மண்ணு போட்டது அவருதான்."

"நான் எங்கப்பாவப் பத்தி ஒரு வார்த்தையும் பேசலையே," என்றார் அவர்.

இது அவளுக்குச் சொந்த விஷயமா இல்லையா என்பதையே முதலில் ஓட்டுக்கு விட்டார்கள். அதில் அவளுக்கு ஓட்டு இல்லை. நாலுக்கு மூன்று. அவள் எழுந்தாள். மூன்று நாற்காலிகளில் நடுவில் இருந்ததில் போய் உட்கார்ந்தாள். நாய் எழுந்து அவளுக்கு இடம் விட்டுத் தள்ளிப் படுத்தது. பிறகு சின்னத்துக்கு ஓட்டு. மறுபடியும் நாலுக்கு மூன்று. ரைன்ஹோல்ட் கை தூக்கும்போது சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

ஆல்பான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு அவரே வந்தார். அவளை வெளியே அனுப்பியது செல்லாது, மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப்போடு, தீர்மானத்தையே ரத்து செய்வார்கள் என்றார்.

"என்னன்னு எழுத?" என்றாள் ஓட்டீலி. "எங்கப்பா எனக்குச் சொந்தம் இல்லன்னா?"

எழுதவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சிறிய கசப்பு. மறந்தும் போயிருப்போம். ஆனால் டாக்டர் ஃபோல்பெர்ட் ஒழுங்கான மனிதர். அவர் காதில் விழுந்ததை விழாதது மாதிரி வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ஆவணக் காப்பகத்துக்குப் போகும் குறிப்பில் மரம் எப்போது யாரால் நடப்பட்டது என்று எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரைன்ஹோல்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என் கடைத் தொலைபேசியில்தான் அந்தப் பேச்சு நடந்தது. ரைன்ஹோல்ட் வயரை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். வைத்துவிட்டு நெடுநேரம் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்து அவர் கெட்டவர் இல்லை. மன்றத்துக்குள் சண்டை இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. எதையும் எல்லாருக்கும் வசதியாகச் செய்து முடிக்கத் தெரிந்தவர். அதுதான் இங்கே வினையாகப் போயிற்று.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் ஓட்டீலி என் கடையில் சூப்பு குடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கையில் ஒரு புட்டி மோஸல் வைன். தொப்பியைக் கழற்றி, கேட்காமலே எதிரே உட்கார்ந்தார். பழையபடி நீ என்று பேசினார்.

"ஓட்டீலி, உங்கப்பா விஷயம் என் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

மரத்தடியில் வெண்கலப் பட்டயம் ஒன்று வைக்கப் போகிறார்களாம். அதில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதை அவர் மனப்பாடமாகவே சொன்னார். புயலில் விழுந்த நீதி லிண்டனின் வாரிசாக, முப்பத்துமூன்றில், அன்றைய ஊர்த் தலைவர் கொன்ராட் பிராண்டாவ் தலைமையில், ஊர் மக்களால் இந்த மரம் நடப்பட்டது. டாக்டரும் ஒத்துக்கொண்டார், சொந்த விஷயம் என்று அவளை மட்டும் விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்க் கேட்டதில் மன்றமும் ஒருமனதாக ஒத்துக்கொண்டது. அந்தத் தேதியில் தலைவர் கொன்ராட்தானே, அதில் பொய் எதுவும் இல்லையே என்றார். வாசல் பலகையிலும் இனிமேல் மரமொடிச்சான் கிடையாது. 'லிண்டன் வீடு' என்று எழுதச் சொல்லிவிட்டார்.

"ஊரே சந்தோஷப்படுது," என்றார்.

நான் கவுண்டருக்குப் பின்னால் கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரே பட்டயத்தில் இரண்டு அப்பாக்களையும் கழுவி உலர்த்திவிட்டார். ஒருவர் நடாததை நட்டதாக ஆகிவிட்டது. இன்னொருவர் நட்டதை நடவே இல்லை என்றாகிவிட்டது.

ஓட்டீலி நிதானமாகக் கேட்டாள். "அந்த மரத்துக்கு ஒரு கை மண்ணு போடமாட்டேன்னுதானே வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாரு. அதுக்குத்தானே பல்ல உடைச்சாங்க."

"எனக்கு அப்ப நாலு வயசு, ஓட்டீலி."

"எனக்குப் பதினொண்ணு."

"அதான் சொல்றேன். பழசு. இப்ப அவருக்கு ஒரு நல்ல இடம் கிடைச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

அவள் கரண்டியை மறுபடி எடுத்தாள். ரைன்ஹோல்ட் புட்டியை அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடாமல் விட்டுப்போனாள். இன்னும் என் நிலவறையில்தான் கிடக்கிறது.

அதன்பிறகு அவளுக்கு வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுதான் மோசம். ரொட்டிக் கடையில், சர்ச் வாசலில், பேருந்து நிறுத்தத்தில். உங்கப்பாவுக்கு இப்பவாவது மரியாதை கிடைத்ததே என்றார்கள். ஐம்பது வருஷம் அந்த வீட்டுப் பெயரைச் சொல்லி நாக்கைத் தேய்த்தவர்கள் ஒரே மாதத்தில் லிண்டன் வீடு, லிண்டன் வீடு என்று பழகிக்கொண்டார்கள். இளசுகளுக்கு வேறு எதுவும் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளிடம் வந்து, உங்கள் அப்பா மரம் நட்டபோது பக்கத்தில் நின்றீர்களா என்று விழா மலருக்காகக் கேட்டார்கள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஜன்னல் சாத்தியிருந்துச்சுன்னு சொன்னேன். எழுதிக்கல."

ஜூன் மாதம் விழா. சதுக்கம் முழுக்கக் கொடி, வெள்ளியில் பச்சை மரம். பட்டயத்தைப் பாதிரியார் ஆசீர்வதித்தார். தீயணைப்புப் படையின் மேளம் வாசித்தது, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காகிதக் கொடியும் பன்னும் கொடுத்தார்கள். திராட்சை போட்ட பன். வாங்கிக் கொடுத்தது மன்றம், சுட்டது நான். அதுதான் வழக்கம் என்று கேட்டார்கள், சுட்டுக் கொடுத்தேன்.

ஊர்வலம் சதுக்கத்தைச் சுற்றி ஓட்டீலியின் வீட்டு வாசலுக்கு வந்ததும் முன்வரிசை மெதுவானது. பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள் மேல் இடித்தார்கள். ஒரு குழந்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தது.

அவள் பலகையை முந்தின நாளே கழற்றியிருக்கிறாள். 'லிண்டன் வீடு' என்ற எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, கறுப்புப் பெயின்டில், தபால் நிலையத்துப் பெண்ணின் சீரான கையெழுத்தில், 'மரமொடிச்சான் வீடு' என்று எழுதி மறுபடி மாட்டியிருந்தாள். மேலே சின்னத்து மரம் அப்படியே இருந்தது. அதன் கீழே அவள் நின்றாள், சர்ச்சுக்குப் போகிற உடுப்பில்.

ரைன்ஹோல்ட் கழுத்தில் தலைவர் பதவிச் சங்கிலியோடு வரிசையை விட்டு வந்தார். பக்கத்து ஊர்த் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தப் பேரச் சொன்னா உனக்குக் கோவம் வருமே," என்றார் தாழ்ந்த குரலில். "வாழ்நாள் பூரா அவரு ஒடிக்கலன்னு சொன்னது நீதானே."

"தப்பாச் சொல்லிட்டேன்," என்றாள் ஓட்டீலி. "அவருதான் ஒடிச்சாரு."

மேளம் நின்றுவிட்டிருந்ததால் அது நிறையப் பேருக்குக் கேட்டது. பிறகு யாரோ சைகை காட்ட, மேளம் மறுபடி ஆரம்பித்தது. ஊர்வலம் நகர்ந்தது.

அடுத்த வாரம் மன்றம் கூடியது. ஊர்ச் சின்னத்தை யார் எங்கே பயன்படுத்துவது என்பது மன்றத்தின் உரிமை. பலகையில் எழுத்தை மாற்றினால் அதில் சின்னம் இருக்க அனுமதி இல்லை. சொந்த வீட்டு விஷயம் என்பதால் ஓட்டீலி தானாகவே எழுந்து நாய் பக்கம் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகை அவளுடைய சொத்து, பிடுங்க முடியாது. ஆகவே சின்னத்தை மட்டும் அகற்றுவது என்று முடிவானது. ஆல்பான்கூட எதிர்க்கவில்லை. எதிர்த்துத்தான் என்ன என்று என்னிடம் சொன்னார், அவள்தான் பைத்தியம்போல நடந்துகொள்கிறாளே.

ஊராட்சிப் பணியாளர் எவால்ட், புல் வெட்டுவதும் பனி தள்ளுவதும் அவன்தான், ஏணியும் கைரம்பமும் எடுத்துக்கொண்டு வந்தான். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். அவனுக்கு ஏறவே கூச்சமாக இருந்தது. என்ன செய்ய, எனக்குச் சொன்னார்கள் என்றான். ஏணி கல்தரையில் நிற்காமல் ஆடியது. ஓட்டீலி வெளியே வந்து இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நேரா அறு, எவால்ட்," என்றாள். "கோணலாப் போச்சுன்னா பாக்க நல்லாருக்காது."

ஓக் மரம் கெட்டி. நேரம் பிடித்தது. மரத்தூள் அவள் தலைமுடியில் விழுந்தது, தட்டிவிடவில்லை. கடைசியில் பச்சை மரமும் நீல அலையும் இருந்த மேல்பகுதி ஒடிந்து விழுந்தது. எவால்ட் அதை எடுத்து வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். எதிரே நிஜ மரம் முழுக்கப் பூத்து, தேனீக்கள் இரைச்சலோடு நின்றது.

சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். தலையில் இன்னும் தூள் இருந்தது. சூப்பும் ரொட்டியும் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஓட்டீலி. நெசமாவே அவருதானா?"

"எனக்கெப்படித் தெரியும். தூங்கிட்டிருந்தேன்."

"அப்ப எதுக்குச் சொன்ன?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள்.

"அன்னிக்கு ராத்திரி யாரோ ஒருத்தன் வெளிய வந்து அதை ஒடிச்சிருக்கான், எர்னா. இந்த ஊர்ல ஒருத்தனாவது ஒடிச்சிருக்கான். போர் முடிஞ்சு நாப்பது வருஷம் ஆகப்போவுது. இனிமே சொன்னா யாரும் அடிக்கப் போறதில்ல. ஒருத்தனும் நான்தான்னு சொல்லல. அவன் மவன் சொல்லல, அவன் பேரன் சொல்லல. யாருக்கும் வேணாத பெருமை." ரொட்டியை சூப்பில் போட்டாள். "கேட்பாரில்லாமக் கெடக்குது. எங்கப்பாவுக்கே இருந்துட்டுப் போகட்டும்."

பின்னறையில் தீயணைப்புக் கொட்டகைக்குப் புதுக் கதவு பற்றி மன்றம் அவள் இல்லாமலே பேசிக்கொண்டிருந்தது. கதவு போடுவது ரைன்ஹோல்டின் மைத்துனர். யாரும் எழுந்து நாய் பக்கம் போகவில்லை. பியர் கேட்டு மேசையைத் தட்டினார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.